பின்னங்கால் தளர்ந்த நாய்: வீட்டிலேயே செய்யும் பிசியோதெரபி

இந்த அத்தியாயம் இரண்டு வகை நாய்களுக்கானது. ஒன்று, வண்டியில் அடிபட்டோ முழங்கால் ஜவ்வு அறுந்தோ அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய நாய். மற்றொன்று, வயதாகி, படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்கவே திணறும் நாய். இரண்டுக்கும் பயிற்சிகள் பெரும்பாலும் ஒன்றுதான். எங்கே தொடங்குவது, எவ்வளவு செய்வது என்பதில்தான் வித்தியாசம்.

பெரிய கருவி எதுவும் வேண்டாம். பழைய வேட்டி, தென்னை நார் மிதியடிகள், சில செங்கல், நாலைந்து பிவிசி குழாய்த் துண்டுகள், தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா, ஒரு நோட்டு. இவை போதும். ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: வீட்டுப் பயிற்சியில் நாய்க்குக் கெடுதல் வருவது பெரும்பாலும் குறைவாகச் செய்ததால் அல்ல. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் இருக்கிறார்கள் என்று ஒரு வாரத்துப் பயிற்சியை ஒரே நாளில் கொடுப்பதால்தான்.

தொடங்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்

நொண்டுவதற்குக் காரணம் இடுப்பு மூட்டா, முழங்காலா, முதுகுத் தண்டா என்பது வெளியே இருந்து பார்த்துத் தெரியாது. நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் உண்ணிக்குக் குறைவே இல்லை. உண்ணிக் காய்ச்சல் சில நாய்களில் மூட்டு வலியாகவே வெளிப்படும். நடை திடீரென்று விறைத்து, சோறு தின்ன மறுத்து, உடல் வெப்பம் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் முதலில் ரத்தப் பரிசோதனை; பயிற்சி அப்புறம். உள்ளூரில் எக்ஸ்ரே வசதி இல்லையென்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த மருத்துவமனைகள் இருக்கின்றன.

மருத்துவரிடம் இந்த நான்கையும் கேட்டு, பதிலை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. இந்தக் காலில் எந்த நாளிலிருந்து, எவ்வளவு எடை தாங்க விடலாம்?
2. எந்த மூட்டை நான் அசைக்கலாம்? எதைத் தொடவே கூடாது?
3. தையல் பிரிப்பது எப்போது, அடுத்த எக்ஸ்ரே எப்போது?
4. வலி மருந்து எத்தனை நாள்? பயிற்சிக்கு எவ்வளவு நேரம் முன்னால் கொடுக்க வேண்டும்?

முதல் கேள்வியை ஏன் விடக் கூடாது என்று சொல்கிறேன். உடைந்த எலும்பில் பிளேட் வைத்த நாய்க்கு எலும்பு கூடும் வரை, அதாவது பெரும்பாலும் 8 முதல் 12 வாரம், ஓட்டமும் குதியும் விஷம். ஆனால் இடுப்பு மூட்டின் பந்துத் தலையை வெட்டி எடுத்த நாய்க்கு நிலைமை நேரெதிர். அங்கே சில நாட்களிலேயே காலை அசைக்கத் தொடங்காவிட்டால் மூட்டு இறுகிப்போகும். பக்கத்து வீட்டு நாய்க்குச் சொன்ன அறிவுரை உங்கள் நாய்க்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

குட்டிகள் விஷயத்தில் இன்னும் கவனம். தொடை எலும்பு உடைந்த குட்டியின் காலை நீட்டிய நிலையிலேயே வாரக்கணக்கில் கட்டிவைத்தால், தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி எலும்போடு ஒட்டிக்கொள்ளும். பிறகு முழங்கால் மடங்காது. கால் கம்பு போல் விறைத்து நின்றுவிடும். அதைச் சரிசெய்வது மிகக் கடினம். எனவே குட்டிக்குத் தொடை எலும்பு முறிவு என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். யாரோ மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவதற்குச் சம்மதிக்காதீர்கள்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பயிற்சியை நிறுத்துங்கள்

- பின்னங்கால்கள் திடீரென்று இழுபட ஆரம்பித்தால், அல்லது கால்விரலைக் கிள்ளினால்கூட நாய் திரும்பிப் பார்க்காவிட்டால்: அன்றைக்கே மருத்துவமனை. முதுகுத் தண்டு நசுங்கியிருந்தால் மணிக்கணக்குதான் முக்கியம். டாக்ஸ்ஹண்ட், பக் போன்ற இனங்களில் இது அதிகம்.
- நேற்றுவரை ஊன்றிய காலை இன்று தரையில் வைக்கவே மறுத்தால்.
- தையல் இடத்தில் சீழ், கெட்ட வாடை, சூடு.
- கட்டுக்குக் கீழே விரல்கள் வீங்கி, நகங்கள் விலகி நின்றால். கட்டு இறுகியிருக்கிறது, காலையே இழக்க நேரிடும்.
- ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் கழிக்காவிட்டால்.

மருந்துப் பெட்டி: கை வைக்காதீர்கள்

மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூனைக்குப் பாரசிட்டமால் ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கப் போதும். மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மருந்தானாலும் சாப்பாட்டோடு கொடுங்கள். வாந்தியோ கறுப்பு மலமோ வந்தால் நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள். பழைய சீட்டில் ஸ்டீராய்டு மாத்திரை மிச்சம் இருந்தால் அதை இதோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

தைலம் தேய்க்கும் பழக்கம் நம் வீடுகளில் விடாது. கற்பூரம், மெந்தால், யூகலிப்டஸ் கலந்த எந்தத் தைலமும் நாய்க்கும் பூனைக்கும் வேண்டாம். அவை நக்கும், தைலம் உள்ளே போகும், நஞ்சாகும்.

தரையை முதலில் சரிசெய்யுங்கள்

எந்தப் பயிற்சியையும்விட முதல் வாரத்திலேயே பலன் தருவது இதுதான். டைல்ஸும் மார்பிளும் போட்ட வீட்டில் பின்னங்கால் பலமில்லாத நாய் ஒவ்வொரு முறை எழும்போதும் கால் அகண்டு வழுக்குகிறது. ஒரு வழுக்கலில் உள்தொடைத் தசை கிழியலாம். இரண்டு முறை விழுந்த நாய் மூன்றாவது முறை எழுந்திருக்கவே பயப்படும். வீட்டார் அதைச் சோம்பல் என்பார்கள்.

1. படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்ப் பாத்திரம், சாப்பாட்டுத் தட்டு, வாசல் ஆகிய மூன்றுக்கும் இடைவெளியில்லாத பாதை போடுங்கள். தென்னை நார் மிதியடி, ரப்பர் விரிப்பு, யோகா பாய் எதுவும் சரி. நகரும் மிதியடியின் அடியில் இருபக்கப் பசைநாடா ஒட்டுங்கள். மடங்கும் சாக்கு மட்டும் வேண்டாம், நகம் மாட்டும்.
2. நகங்களை வெட்டுங்கள். நிற்கும்போது நகம் தரையைத் தொட்டால் நீளம் அதிகம். விரல்களுக்கு இடையே வளர்ந்த முடியையும் கத்தரியுங்கள். அந்த முடிதான் பாதி வழுக்கலுக்குக் காரணம்.
3. மாடிப்படியை மறியுங்கள். பழைய பலகை ஒன்றைக் குறுக்கே கட்டினாலே போதும்.
4. மெத்தையை உங்கள் முழங்காலால் அழுத்திப் பாருங்கள். முழங்கால் தரையை உணர்ந்தால் அது நாய்க்கு மெல்லிசு.
5. சாப்பாட்டுத் தட்டைத் தரையிலிருந்து சற்றே உயர்த்தி, அதன் முன் வழுக்காத விரிப்பு போடுங்கள்.

ஸ்கூட்டரின் முன்னால் நிற்கவைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோவது வேண்டாம். பிரேக் போடும்போது தடுமாறும் நாய் நோவுள்ள காலைச் சட்டென்று ஊன்ற நேரிடும். ஆட்டோவின் தரையில் விரிப்புப் போட்டுப் படுக்கவையுங்கள். தீபாவளி அறுவைக்குப் பிந்தைய எட்டு வாரத்துக்குள் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வெடிக்குப் பயந்து நாய் பாயும் ஒரே பாய்ச்சலில் பிளேட் வளைந்துவிடலாம். முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி வையுங்கள்.

எடை

விலாப்பக்கம் கையை வைத்து மெல்லத் தடவுங்கள். பிறகு உங்கள் விரல்களை நீட்டிப் புறங்கையைத் தடவிப் பாருங்கள். விலா எலும்பு அந்த அளவுக்குத் தட்டுப்பட வேண்டும். உள்ளங்கையைத் தடவுவதுபோல் மெத்தென்று இருந்தால் எடை கூடுதல். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்குக் கடைசி இரண்டு மூன்று விலா கண்ணுக்கே தெரிவது இயல்பு. பார்த்துவிட்டுப் பரிதாபப்பட்டு ஊட்டாதீர்கள்.

2002இல் வெளியான ஓர் ஆய்வில் 48 லாப்ரடார்கள் குட்டிப் பருவம் முதல் இறப்பு வரை கவனிக்கப்பட்டன. கால்பங்கு குறைவாக உண்டவை மற்றவற்றைவிட ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. அவற்றுக்கு மூட்டுத் தேய்மானமும் தாமதமாகவே வந்தது. கொழுத்த நாய்க்குப் பயிற்சி சொல்லித் தருவதைவிட அதன் தட்டிலிருந்து ஒரு பிடி சோற்றைக் குறைப்பது சிறந்த சிகிச்சை என்பேன். பயிற்சிக்குக் கூலியாகக் கொடுக்கும் வேகவைத்த கோழித் துண்டையும் அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் கழியுங்கள். வெங்காயம், மசாலா சேராத கோழி. திராட்சையும் சாக்லேட்டும் கூடவே கூடாது.

மறுநாள் காலை விதி

நாய் பயிற்சியின்போது பெரும்பாலும் அழாது. உங்களைத் திருப்திப்படுத்தச் சொன்னதையெல்லாம் செய்யும். அதனால் அளவு சரியா என்பதை அப்போது முடிவு செய்யாதீர்கள். மறுநாள் காலை அது எழுந்து வைக்கும் முதல் பத்து அடிகளைப் பாருங்கள்.

- நேற்றுபோலவே நடந்தால்: அதே அளவைத் தொடருங்கள்.
- தொடர்ந்து மூன்று நாள் அப்படியே நன்றாக இருந்தால்: சற்றுக் கூட்டுங்கள். நேரம், எண்ணிக்கை, கடினம் மூன்றில் ஒன்றை மட்டும்.
- நொண்டல் கூடியிருந்தால்: அன்று பயிற்சி இல்லை. அடுத்த நாள் பாதி அளவிலிருந்து தொடங்குங்கள்.

பயிற்சியின் நடுவே காதுகள் பின்னால் மடங்குவது, உதட்டைத் திரும்பத் திரும்ப நக்குவது, காரணமில்லாத கொட்டாவி, உங்கள் கையின் பக்கம் தலையைத் திருப்புவது, தசை இறுகுவது ஆகியவை வலியின் முதல் சைகைகள். அடுத்தது உறுமல், அதற்கடுத்தது கடி. எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும். குழந்தைகளை இந்த வேலைக்கு விடாதீர்கள். வாய்க்கட்டு தேவைப்படும் அளவுக்கு வலிக்கிறது என்றால், முதலில் வலி மருந்தைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

முதல் கட்டம்: படுத்த நிலையில்

அறுவை முடிந்த முதல் மூன்று நாள் குளிர் ஒத்தடம். நொறுக்கிய ஐஸைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஈரத்துணி சுற்றி, வீங்கிய இடத்தில் 10 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று முறை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தோலைப் பாருங்கள். ஐஸ் நேரடியாகத் தோலில் படக் கூடாது. உணர்ச்சியில்லாத காலில் குளிர், சூடு இரண்டுமே வேண்டாம், நாயால் சொல்ல முடியாது.

அதன் பிறகு மூட்டை அசைக்கும் பயிற்சி. தொடங்கும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நாயின் பின்னங்காலில் பின்பக்கமாக மடிந்திருப்பது முழங்கால் அல்ல, அது கணுக்கால். உண்மையான முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி முன்பக்கம் பார்த்து இருக்கிறது. இது தெரியாமல் காலைத் தவறான திசையில் வளைப்பவர்கள் நிறைய.

1. நோவுள்ள கால் மேலே இருக்கும்படி நாயை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். இன்னொருவர் தலைப்பக்கம் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டிருக்கட்டும்.
2. தொடையை உள்ளங்கையால் ஓரிரு நிமிடம் நீவி விடுங்கள். விரல் நுனியால் குத்தாதீர்கள். நீவும் திசை பாதத்திலிருந்து இடுப்பு நோக்கி. எண்ணெய் தேவையில்லை.
3. கால்விரல்களில் தொடங்குங்கள். ஒவ்வொன்றையும் மெல்ல மடக்கி நீட்டுங்கள்.
4. கணுக்கால். மூட்டுக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை. மடக்குங்கள், லேசாகத் தடை தெரியும் இடத்தில் நிறுத்தி மூன்று எண்ணுங்கள், நீட்டுங்கள்.
5. முழங்கால், இடுப்பு. இதே முறை. இடுப்பை நீட்டும்போது கால் முழுவதையும் இரு கைகளில் தாங்குங்கள். பாதத்தைப் பிடித்து இழுக்காதீர்கள்.
6. ஒவ்வொரு மூட்டுக்கும் 10 முதல் 15 முறை. ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வேளை.
7. முடிவில், சைக்கிள் மிதிப்பதுபோல் காலை மெல்லச் சுற்றுங்கள், பத்து முறை.

தடையைத் தாண்டித் தள்ளாதீர்கள். "இன்னும் கொஞ்சம் மடங்கும்" என்று தோன்றும் இடம்தான் நிறுத்த வேண்டிய இடம்.

வீக்கமும் சிவப்பும் அடங்கிய பிறகு, பயிற்சிக்கு முன் சூட்டு ஒத்தடம் கொடுக்கலாம். பழைய காலுறைக்குள் அரிசியைப் போட்டுத் தோசைக்கல்லில் சூடாக்கி, துணி சுற்றி, உங்கள் முழங்கையின் உட்பக்கம் வைத்துப் பாருங்கள். பத்து விநாடி சுகமாகத் தாங்க முடிந்தால்தான் நாய்க்கு. 10 நிமிடம் போதும். புண், சீழ், கட்டி உள்ள இடத்தில் கூடாது.

இரண்டாம் கட்டம்: நிற்பது

வேட்டியை நான்காக மடித்து, பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் அடிவயிற்றின் கீழ் கொடுத்து, இரண்டு முனைகளையும் மேலே பிடியுங்கள். ஆண் நாயானால் சிறுநீர் போகும் இடத்தை அழுத்தாதபடி துணியை ஒதுக்குங்கள். உங்கள் கை நாயைத் தூக்கக் கூடாது, விழாமல் காக்க மட்டுமே. வேட்டியில் தொங்கும் நாயின் கால் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

1. நான்கு பாதங்களையும் உடலுக்கு நேர் கீழே சதுரமாக வையுங்கள். விரல் மடங்கி மேற்புறம் தரையில் பட்டால் கையால் திருப்பி வையுங்கள். ஒவ்வொரு முறையும்.
2. பத்து விநாடி நிற்கட்டும். படுக்க விடுங்கள். ஐந்து முறை.
3. அரை நிமிடம் தாங்க முடிந்ததும், இடுப்பில் கைவைத்து இடமும் வலமும் மிக லேசாகத் தள்ளுங்கள். நாய் தடுமாறாமல் எடையை மாற்றிக்கொள்ள வேண்டும். பக்கத்துக்குப் பத்து முறை.
4. பிறகு நல்ல காலை ஓர் அங்குலம் தூக்கி மூன்று முதல் ஐந்து விநாடி பிடியுங்கள். இப்போது நோவுள்ள கால் ஊன்றியே ஆக வேண்டும்.

மூன்றாம் கட்டம்: நடை

மெதுவாக நடத்துங்கள். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வேகமாக நடக்கும் நாய் நோவுள்ள காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் தாவிவிடும், பார்க்க உற்சாகமாக இருக்கும், அந்தக் காலோ நாளுக்கு நாள் மெலியும். மெதுவான நடையில்தான் நான்கு கால்களும் தரையைத் தொட வேண்டியிருக்கும். கயிறு குட்டையாக, நாய் உங்கள் முழங்கால் பக்கம்.

முழங்கால் ஜவ்வு அறுவைக்குப் பின், மருத்துவர் வேறு சொல்லாத வரை, இந்தக் கணக்கில் போகலாம்:

- முதல் 2 வாரம்: சிறுநீர், மலம் கழிக்க மட்டும். ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, வேட்டியோடு.
- 3, 4ஆம் வாரம்: 5 முதல் 10 நிமிடம், மூன்று முறை.
- 5, 6ஆம் வாரம்: 10 முதல் 15 நிமிடம். லேசான ஏற்றம் சேர்க்கலாம். ஏற்றம் பின்னங்காலுக்கு நல்ல வேலை.
- 7, 8ஆம் வாரம்: 15 முதல் 20 நிமிடம். பிறகு எக்ஸ்ரே. அதைப் பார்த்தபின்தான் கயிற்றை அவிழ்ப்பது.

நான்காம் வாரம் அபாயமான வாரம். வலி போயிருக்கும், நாய் துள்ளும், உங்களுக்கும் மனசு இளகும். உள்ளே இன்னும் முழுதாக ஆறியிருக்காது.

சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயாலும் முடியாது. வயதான லாப்ரடார் நடக்கும்போது மூச்சு கரகரவென்று இரைந்தால், குரைப்பு கம்மிப்போயிருந்தால், தொண்டை நரம்பும் பலவீனப்படுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அந்த நாயை வெயிலில் நடத்துவது உயிருக்கே ஆபத்து.

நான்காம் கட்டம்: பலம்

*உட்கார்ந்து எழுதல்.* எனக்கு ஒரே ஒரு பயிற்சிதான் அனுமதி என்றால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். நோவுள்ள கால் சுவர் பக்கம் வரும்படி நாயை மூலையில் நிறுத்துங்கள். கால் வெளியே அகலாது. கோழித் துண்டைக் காட்டி உட்காரவையுங்கள், நேராக எழவையுங்கள். ஐந்து முறை, இருவேளை. வாரத்துக்கு ஒன்றிரண்டு கூட்டி 15 வரை போகலாம். ஒருபக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் அந்த முறையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

*குழாய் தாண்டுதல்.* நாயின் தோள் உயரம் எவ்வளவோ அவ்வளவு இடைவெளியில் நாலைந்து பிவிசி குழாய்களைத் தரையில் கிடத்துங்கள். கயிற்றில் பிடித்து மெதுவாகக் கடக்க விடுங்கள். தடுக்காமல் போகக் கற்றதும் பாதிச் செங்கல் உயரம். கணுக்காலுக்கு மேல் உயர்த்த வேண்டாம். குதித்தால் உயரம் அதிகம் என்று அர்த்தம்.

*எட்டுப் போடுதல்.* இரண்டு பூந்தொட்டிகளைச் சுற்றி எட்டு வடிவில் நடத்துங்கள். இரண்டு பக்கத் தசைக்கும் வேலை கிடைக்கும்.

தண்ணீரில்

நாயின் இடுப்பு மூட்டு வரை தண்ணீர் நின்றால் அதன் கால்கள் தாங்குவது உடல் எடையில் ஏறக்குறைய 38 சதவீதம்தான். முழங்கால் வரை மட்டும் என்றால் 85 சதவீதம். ஆகவே ஆழம் முக்கியம். பெருநகரங்களின் சில மருத்துவமனைகளில் இதற்கென்றே தண்ணீருக்குள் ஓடும் நடைபட்டைகள் உண்டு. நம்மால் முடிந்தது, சரிவான ஓரமுள்ள சுத்தமான குளமோ பண்ணைத் தொட்டியோ.

தையல் பிரித்து, காயம் முழுதும் ஆறியபின்தான் இறக்க வேண்டும். மிதவைச் சட்டை கட்டாயம். கூடவே நீங்களும் இறங்குங்கள். முதல் நாள் இரண்டு நிமிடம் போதும். கிணறு வேண்டாம், ஏறிவர வழியில்லை. பாசி படிந்த படித்துறையும் வேண்டாம். முடிந்ததும் நன்றாகத் துவட்டி, காதைத் துடையுங்கள்.

வயதான நாய்க்கு ஒரு நாள்

கிழ நாய்க்கு அறுவை நாயைப்போல் வாரக் கணக்கு கிடையாது. மீட்டெடுப்பதைவிட இருப்பதைக் காப்பதுதான் இங்கே வேலை. அதனால் ஒரு நாளைக்கு ஒரு நீண்ட நடையைவிட நான்கு குட்டி நடை மேல். மார்கழி விடியலில் மூட்டு இறுகியிருக்கும், எழுந்ததும் நடத்தாதீர்கள். பத்து நிமிடம் சூட்டு ஒத்தடம், தொடை நீவல், படுத்தபடியே மூட்டு அசைப்பு, பிறகு வாசல் வரை. நடுப்பகலில் மிதியடிப் பாதையில் வீட்டுக்குள் இரண்டு சுற்று. மாலையில் உட்கார்ந்து எழுதல் மூன்று முறை, தெருமுனை வரை நடை, வழியில் மோப்பம் பிடிக்க நின்றால் நிற்கட்டும். இரவு படுக்கும்முன் ஒருமுறை சிறுநீருக்கு.

பின்னங்கால் நகங்களின் முன்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். தேய்ந்திருந்தால் நாய் காலை இழுக்கிறது. இரவில் காரணமின்றி மூச்சிரைத்து இடம் மாறி மாறிப் படுப்பதும் வலியாக இருக்கலாம். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவதால் குணப்படுத்தக்கூடிய வலியைச் சுமந்துகொண்டே பல நாய்கள் கடைசி ஆண்டுகளைக் கழிக்கின்றன.

எழ முடியாத நாய், சக்கர வண்டி

பின்பாதி முழுவதும் செயலிழந்த நாய்க்குப் பயிற்சியைவிட மூன்று காவல்கள் முக்கியம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள். இடுப்பு எலும்பிலும் முழங்கையிலும் தோல் சிவந்திருந்தால் இரண்டு மணிக்கு ஒருமுறை. சிறுநீர்ப்பையை அழுத்தி வெளியேற்றும் முறையை மருத்துவரிடம் நேரில் கற்று, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை செய்யுங்கள். படித்துவிட்டு முயலும் வேலை அல்ல இது. மூன்றாவது, ஈ. ஈரமான தோலிலும் சின்னப் புண்ணிலும் ஒரே நாளில் புழு வைத்துவிடும். பகலில் கொசுவலை, தினமும் உலர்ந்த படுக்கை.

சக்கர வண்டியை இடுப்பு, தோள், நீளம் அளந்து செய்யுங்கள். முதுகு வளையாமல் நேராக நிற்க வேண்டும். முதல் நாள் ஐந்து நிமிடம், பிறகு 20 வரை. வண்டியோடு தனியே விடாதீர்கள். கவிழ்ந்தால் அதனால் எழ முடியாது, படுக்கவும் முடியாது. இழுபடும் பாதத்துக்குக் குழந்தைக் காலுறை வெளியில் ஒரு மணி நேரம் தாங்காது. தோல் உறை வாங்குங்கள்.

பூனை வைத்திருப்பவர்களுக்கு

மேலே சொன்னவை பொருந்தும், கால அளவு பொருந்தாது. இரண்டு நிமிடத்துக்கு மேல் பூனை உங்களோடு ஒத்துழைக்காது. பிடித்து வைத்தால் அடுத்த நாள் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். சாப்பாட்டை மூன்று இடங்களில் பிரித்து வைத்து நடக்கவிடுங்கள். ஜன்னலுக்கு ஏற ஒரு முக்காலி, அதற்கு முன் ஒரு பெட்டி. மணல் தட்டின் ஒரு பக்க விளிம்பை அறுத்துத் தாழ்த்துங்கள்.

நோட்டில் எழுத வேண்டியவை

1. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், இரு தொடைகளின் சுற்றளவு. நாய் நிற்கும்போது, இடுப்பிலிருந்து முழங்காலுக்குப் பாதி தூரத்தில், நாடாவை இறுக்காமல்.
2. உடல் எடை.
3. தினமும் காலை முதல் பத்து அடிகள் எப்படி என்று ஒரே வரி.
4. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் நடையின் வீடியோ. அதே இடம், அதே வேகம்.

மருத்துவமனையில் பயத்தில் நாய் நொண்டாமல் நடந்துவிடும். அப்போது மருத்துவரிடம் காட்ட உங்கள் கையில் அந்த வீடியோ இருக்க வேண்டும்.